நெற்றியிலிருந்து வந்த மூக்கு

மூன்றாம் நாள் காலை ஸ்டைனாரின் மூக்கு நுனி நீலம் பாரித்திருந்தது.

புற்றுநோய் தின்ற மூக்கின் இடது பக்கத்தை நுனியோடு வெட்டியெடுத்துவிட்டு, நெற்றித் தோலில் ஒரு பட்டையைப் புருவத்தருகே காம்போடு விட்டு, திருப்பி இறக்கி மூக்கில் தைத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு அந்தக் காம்பு வழியாகத்தான் ரத்தம் வரவேண்டும். வராவிட்டால் தோல் கருகிவிடும். மூக்கு இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும்.

காம்பு முறுக்கிக்கொள்ளவில்லை. இரண்டு தையலைத் தளர்த்தியும் நீலம் போகவில்லை.

"சிகரெட் பிடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். விட்டு ஆறு வாரமாச்சு."

போடோ துறைமுகத்தில் ஃபெர்ரி ஓட்டுபவர், பொய் சொல்கிற ஆளில்லை. ஆனால் மேலுதடு ஒரு பக்கம் உப்பியிருந்தது. தூக்கிப் பார்த்தால், ஈறோடு ஒட்டி ஒரு ஸ்னூஸ், உதட்டுக்கடியில் அடக்கிக்கொள்கிற சின்னப் புகையிலைப் பொட்டலம்.

"இது என்ன?"

"ஸ்னூஸ்தான். இதுல புகையே இல்லையே. நீங்க சிகரெட்டைத்தானே விடச் சொன்னீங்க?"

வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். "புகையிலை எந்த வழியா போனா என்ன? ரத்தக்குழாய் சுருங்கிப்போகும். மூக்கு வேணுமா, இந்தக் கருமம் வேணுமா?"

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அப்ப உங்க உதட்டுல இருக்கிறது?"

நர்ஸ் ஐடிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்லூரி நாளிலிருந்தே நானும் வைக்கிறவள். அதனாலேயே அவரிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தப்பு என்னுடையது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

என்னுடையதைத் துப்பினேன். எங்கள் ஸ்னூஸ் டப்பா இரண்டும் குப்பைக்குப் போயின.

"காம்பை வெட்டுற நாள் வரைக்கும் நாம ரெண்டு பேரும் தொடக்கூடாது."

"நீங்க தாங்க மாட்டீங்க டாக்டர்."

"பாத்துக்கலாம்."

அடுத்த இரண்டு நாளும் நரகம். மணிக்கொரு தரம் மூக்கைப் பார்த்தேன், ஐடிஸிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவரோ ரொட்டியையும் பழுப்புச் சீஸையும் தட்டோடு தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை நீலம் மங்கியிருந்தது. நம்பப் பயந்து, மூக்கு நுனியில் ஊசியால் குத்தினேன். பளிச்சென்று சிவப்பாக ஒரு சொட்டு ரத்தம் எழும்பியது.

"ஸ்ஸ்... நெத்தியில ஏன் குத்துறீங்க டாக்டர்?" என்றார் ஸ்டைனார்.

இடம் மாறினது அந்தத் தோலின் நரம்புக்கு இன்னும் தெரியாது. ஆனால் தோல் உயிரோடிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஸ்னூஸுக்கு நாக்கு ஊறியது.

"இன்னும் பதினாறு நாள்," என்றேன், அவரிடமும் என்னிடமும்.