பன்னிரண்டாம் கட்டம்

மாதா கோயில் பாடகர் குழுவில் பதினாறு வருஷம் பேஸ் கித்தார் வாசித்தவள் நான். பங்குத் தந்தைகள் மாறினார்கள், ஆர்கன் வாசிப்பவர்கள் மாறினார்கள், நான் மாறவில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் டெஸ்மண்டுக்கோ ப்ளூஸ் இசைப் பைத்தியம். தம்போயில் அவர் கூட்டாளி வசந்தனின் கார் பட்டறைக்கு மேல்மாடியில் ஞாயிறு மதியம் மூன்று பேர் கூடுவார்கள். டெஸ்மண்ட் கித்தார், வசந்தன் டிரம்ஸ், காளிதாஸ் பேஸ்.

முப்பது வருஷம் பாசிர் கூடாங்கில் இரும்புத் தகடு வெட்டும் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் டெஸ்மண்ட். அந்த இரைச்சல் அவர் காதைத் தின்றுவிட்டது. காதில் மெஷின் மாட்டினால் பேச்சு கேட்கும். கித்தார் மட்டும் தகர டப்பாவைச் சுரண்டுவது போல இருக்குமாம். அதனால் வாசிக்கும்போது கழற்றிவிடுவார். அவர் விரல்களுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்கள் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. அதற்கு வசந்தன் ஒரு வழி செய்தார். ஒரு ப்ளைவுட் பலகையைத் தரையில் போட்டு, பேஸ் ஸ்பீக்கரை அதன்மேல் வைத்தார். டெஸ்மண்ட் அதே பலகையில் வெறுங்காலோடு நிற்பார். பேஸின் அதிர்வு உள்ளங்கால் வழியாக ஏறும். அதைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்.

மார்ச் மாதம் காளிதாஸுக்குச் சிங்கப்பூர் வேலையில் ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் என்று ஆனது. டெஸ்மண்ட் கித்தாரைப் பெட்டியில் வைத்து அலமாரிக்கு மேல் ஏற்றினார்.

"பேஸ் இல்லாம எனக்கு நிக்க எடம் இல்ல, ஜெரா. வாசிச்ச வரைக்கும் போதும்லா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

கோயில் பாட்டு வாசித்தவளுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். நான்கு தட்டு ஒரு கட்டம், பன்னிரண்டு கட்டம் ஒரு சுற்று. சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. சின்னப் பிள்ளைகூட எண்ணிவிடும்.

முதல் ஞாயிறே மூக்கறுபட்டேன். பன்னிரண்டாம் கட்டம் வந்ததும் என் கை தானாக மெதுவாகி, ஆதார சுரத்தில் போய் அமைதியாக உட்கார்ந்துவிட்டது. பூசையில் அப்படித்தான் செய்வோம். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் சபை மூச்சு வாங்க இடம் கொடுத்து இறக்கி வைப்போம். பதினாறு வருஷப் பழக்கம். பலகையின் அதிர்வு அடங்கியதும், பாட்டு முடிந்தது என்று டெஸ்மண்ட் கையை எடுத்துவிட்டார். வசந்தன் மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அங்க உட்காரக் கூடாது. பஞ்சமத்துக்குப் போங்க. அப்பதான் அடுத்த சுத்து வரும்" என்றார் வசந்தன். "இன்னொன்னு, நிறைய வாசிக்கிறீங்க. பாதிய எடுத்துடுங்க. எல்லாம் ஒண்ணா அதிர்ந்தா அண்ணனுக்கு எது ஒண்ணு, எது நாலுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியும்" என்று வெடுக்கென்று சொன்னேன். புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

ஜூலை வரைக்கும் இதே கதை. கெலாங் பாத்தாவில் வசந்தனின் கூட்டாளி ஒருவர் கடல் உணவுக் கடை வைத்திருந்தார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வாசிப்பதாக ஏற்பாடு. டெஸ்மண்ட் என்னிடம் தன்மையாகச் சொன்னார்: "அங்க வாசிச்சுப் பாப்போம். சரி வரலன்னா கித்தார மாசாய்ல இருக்கற என் தங்கச்சி மகனுக்குக் குடுத்துடலாம். உன்ன ஏன் கஷ்டப்படுத்தணும்?"

அன்றைக்கு முழுக்க எனக்கு எரிச்சல். கோபம் அவர்மேல் இல்லை, என் கைமேல்.

மறுநாளிலிருந்து சமையலறையில் உட்கார்ந்தேன். போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டு, இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும் மட்டும் சத்தம் வரும்படி வைத்தேன். ஒன்றையும் மூன்றையும் நானே சுமக்க வேண்டும். வாசித்ததைப் பதிவு செய்து கேட்டேன். வெட்கமாக இருந்தது. அலங்காரத்துக்குத் தூவிய சுரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். ஒவ்வொரு தந்தியையும் எப்போது மீட்டுவது என்பதைவிட எப்போது விரலால் அடக்குவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் பிடித்தது.

ஒரு சாயங்காலம் டெஸ்மண்ட் மெஷினைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையை என் பேஸின் மரத்தில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு சுற்று வாசித்தேன்.

"இப்ப பயந்த" என்றார். "பன்னண்டுல இல்ல. பத்து வரும்போதே உனக்கு பயம் வந்துடுது."

உண்மைதான். என்னால் அவர் நின்றுபோய்விடுவார் என்ற பயம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் என் பயத்தை இந்த மனுஷன் இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்ததில்லை. அவர் கையை எடுக்கவில்லை. நான் மறுபடி வாசித்தேன். அன்றைக்கு நாற்பது சுற்றாவது வாசித்திருப்போம். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது.

கெலாங் பாத்தாவில் கூட்டம் பரவாயில்லை. நண்டு உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. டெஸ்மண்ட் மெஷினைச் சட்டைப்பையில் போட்டு, செருப்பை உதறிவிட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்த பலகையில் ஏறினார். இரண்டு பாட்டு ஒழுங்காகப் போனது. மூன்றாவதில், தனியாக வாசிக்க வேண்டிய இடத்தில், அவர் கை நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். கை தந்திமேல் சும்மா கிடந்தது. தலை குனிந்திருந்தது. வழி தவறிவிட்டார் என்று நினைத்தேன். ஒன்பதாம் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வழக்கப்படி மெதுவாக்கி, ஆதார சுரத்தில் இறக்கி வைத்தால் பாட்டு கௌரவமாக முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. கித்தார் மாசாய்க்குப் போய்விடும்.

பன்னிரண்டில் நான் பஞ்சமத்துக்குப் போனேன். அடுத்த சுற்று தொடங்கியது. ஒரு கட்டத்துக்கு நாலே சுரம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் பாதத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தேன். வாங்க, நான் இருக்கேன், மெதுவா வாங்க. வசந்தன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தச் சுற்றும் கித்தார் இல்லாமலே போனது. மறுபடியும் பஞ்சமம். அதற்கடுத்த சுற்றின் முதல் தட்டில், சரியாக அந்தத் தட்டில், டெஸ்மண்ட் நுழைந்தார். அப்படி ஒரு வாசிப்பை அவரிடம் நான் கேட்டதில்லை. நண்டு தின்றவர்கள்கூடக் கையை நிறுத்தினார்கள்.

முடிந்ததும் அவர் மெஷினை மாட்டும்வரை காத்திருந்தேன். மாட்டியதும் வசந்தன் முந்திக்கொண்டு வந்து, "அண்ணே, நாளைக்கு பட்டறைக்கு?" என்றார். "வரோம்" என்றார் டெஸ்மண்ட்.

"எங்க தொலைஞ்சு போனீங்க?" என்று கேட்டேன். "உசுரே போச்சு எனக்கு."

"தொலையல, ஜெரா" என்றார். "கோயில்ல நீ வாசிக்கிறது எத்தன பேர் பாட்டுக்கு நடுவுல எங்கயோ இருக்கும். காது நல்லா இருந்த காலத்துலகூட உன்னத் தனியா நான் கேட்டதே இல்ல. அன்னிக்கு சமையலறைல கைக்குக் கெடச்சது உன் பயந்தான். இன்னிக்கு காலுக்குக் கீழ நீ மட்டும்தான் இருந்த. கொஞ்ச நேரம் சும்மா நின்னு கேட்டேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கக் கோபப்பட்டேன். "சொல்லிட்டு நிக்கக் கூடாதா?"

"சொன்னா நீ நிறுத்தியிருப்ப" என்றார்.