செம்பட்டை ஃபீலிக்ஸ் வாசிக்காத மெட்டு

செம்பட்டை ஃபீலிக்ஸ் என்று ஒருவர் எங்கள் ஊரில் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. ஆனாலும் போன ஜூன் மாதம் அவருக்கு நினைவுக் கல் நட்டோம். பாதிரியார் வந்து புனித நீர் தெளித்தார். ஸ்லைகோ மாவட்டத்தில் எங்கள் கில்டரா ஊர்க்காரர்களுக்கு மட்டுமே இது சாத்தியம் என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

என் பெயர் டிம்ப்னா. ஊரின் ஒரே பப் என்னுடையது. டஃபிசி வீட்டு அட்ராக்டாவும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவள் பிடில் வாசிப்பாள். அவளுக்குப் பதினொரு மாதம் இளைய தம்பி ஃபின்டன், புல்லாங்குழல். இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தே சிகாகோ வரை போய் வந்தவர்கள். இப்படிச் சொன்னால் இருவருக்கும் சம பங்கு போலத் தெரியும். உண்மையில் மேடையில் அவள் வாசிப்பாள், அவன் பேசுவான். நடுநடுவே மூச்சு வாங்குவதற்காகக் கொஞ்சம் புல்லாங்குழலும் ஊதுவான். முப்பது வருடத்தில் மேடையில் அட்ராக்டா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜெர்மனியில் ஒரு அம்மாள் அவளை ஊமை என்று நினைத்து, கையால் சைகை செய்து பாராட்டினாளாம். அட்ராக்டாவும் சைகையிலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

அட்ராக்டாவுக்குப் பதினாறு வயது இருக்கும்போது, உருளைக்கிழங்கு வேகக் காத்திருந்த நேரத்தில், தானாகவே ஒரு மெட்டைக் கட்டிவிட்டாள். ஆடுவதற்கு ஏற்ற துள்ளல் மெட்டு. ஞாயிறு பூசை முடிந்து எங்கள் கடையில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஃபின்டன் நடுவில் புகுந்து அதை ஊதினான். எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"எங்கடா புடிச்ச இத?" என்றார் ஒருவர்.

எங்கள் ஊரில் மெட்டு என்றால் வழிவழியாக வந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் நேற்றுக் கட்டியது என்றால் யாரும் தொடமாட்டார்கள். ஃபின்டன் அக்காவைப் பார்த்தான். அவள் காது வரை சிவந்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள்.

"மலைக்கு அந்தப் பக்கம் செம்பட்டை ஃபீலிக்ஸ்னு ஒரு கிழவர் இருந்தாரே... சாகறதுக்கு முன்னாடி சொல்லிக் கொடுத்தாரு."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். மூத்த கிழவர் தலையை ஆட்டினார்.

"ஆமாமா, ஃபீலிக்ஸ். இடது கைக்காரன்."

அவ்வளவுதான், ஃபீலிக்ஸ் பிறந்துவிட்டார். தனக்குத் தெரியாத ஒருவரை இன்னொருவருக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்வான் எங்கள் ஊர்க்காரன்.

அதன் பிறகு அட்ராக்டா கட்டிய மெட்டெல்லாம் ஃபீலிக்ஸ் கணக்கில் ஏறியது. மேடைக்கு மேடை ஃபின்டன் புதுக் கதை விட்டான். ஃபீலிக்ஸின் ஒற்றைக்கண் ஆடு, ஃபீலிக்ஸிடம் பாவமன்னிப்புக் கேட்ட பாதிரியார், சதுப்பில் இடுப்பளவு புதைந்தும் வாசிப்பை நிறுத்தாத ஃபீலிக்ஸ். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். ஊரிலோ யாரும் சிரிக்கவில்லை, நினைவுகூர்ந்தார்கள். என் அப்பா அவருக்குக் கழுதை இரவல் கொடுத்தாராம். என் கடையில்கூட 'ஃபீலிக்ஸ் நாற்காலி' ஒன்று உண்டு. அதில் உட்காருகிறவர்கள் ஒரு கோப்பை அதிகம் குடிக்கிறார்கள் என்றால் எனக்கென்ன வலிக்கிறது? கடைசியில் பாஸ்டனிலிருந்து ஒரு பேரன்கூட முளைத்தான். நினைவுக் கல் அவனுடைய ஏற்பாடு.

அட்ராக்டா இதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். போன குளிர்காலத்தில் அவர்களுடைய அம்மா பெக் இறக்கும் வரை.

கல் திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் அவள் என் சமையலறைக்கு வந்தாள். ஃபின்டனும் அங்கேதான் உட்கார்ந்து என் சோடா ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான்.

"அம்மாவுக்கு ஒரு மெட்டு கட்டியிருக்கேன். விழாவில வாசிக்கப் போறேன். இத மட்டும் ஃபீலிக்ஸுக்குக் குடுக்காத."

"சரி, ஊரு பேரு தெரியாததுன்னு சொல்லிடறேன்."

"பேரு தெரியும்டா. என் பேரு."

ஃபின்டன் ரொட்டியைக் கீழே வைத்தான். "இங்க பாரு அட்ராக்டா, இத நீ கட்டினேன்னா, மத்தத யாரு கட்டினான்னு கேப்பாங்க. கல்லு வந்து இறங்கியாச்சு. அந்தப் பாஸ்டன்காரன் பாவம், தாத்தா பேரச் சொன்னாலே அழுவுறான்."

"அவன் இல்லாத தாத்தாவுக்கு அழுவுறான். நான் இருந்த அம்மாவுக்குக் கட்டியிருக்கேன்."

"எங்க, வாசிச்சுக் காட்டு."

"மாட்டேன். அங்க வந்து கேளு. நீ இதுல ஊதவும் வேணாம்."

எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் மிச்ச ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

விழா நாளில் வழக்கம்போல் மழை. கல்லின் மேல் போர்த்திய படுக்கை விரிப்பை அவசரமாக உருவிவிட்டு எல்லோரும் ஊர்க்கூடத்துக்குள் ஓடினோம். தலைமை, விழாக்குழுத் தலைவர் டொமினிக் ஃபீனி. வீடு நிலம் ஏலம் விடுகிறவர். அவர் வாயை மூடி நான் பார்த்ததில்லை. டஃபிசி வீட்டுக்கு அடுத்த வீடு.

டஃபிசிகள் நான்கு மெட்டு வாசித்தார்கள். ஃபின்டன் ஆட்டுக் கதை சொன்னான். பேரன் அழுதான். ஐந்தாவதற்கு முன் அட்ராக்டா எழுந்து நின்றாள். பிடிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மெட்டு ஃபீலிக்ஸோடது இல்ல. நான் கட்டினது. எங்கம்மாவுக்கு."

டொமினிக், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார்.

"தன்னடக்கம்மா உனக்கு. இது ஃபீலிக்ஸோடதுதான். எங்க வீட்டு அடுப்படியில அவர் வாசிச்சு என் காதால கேட்டிருக்கேன்."

"யோவ், அவ இன்னும் வாசிக்கவே இல்லையே!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினேன்.

"வாசிக்கணுமா என்ன? ஃபீலிக்ஸோடது அத்தனையும் எனக்குத் தெரியும் டிம்ப்னா."

கூட்டம் ஆமாம் போட்டது. அட்ராக்டா நின்றபடியே சின்னவளாகிக்கொண்டிருந்தாள். அப்போது ஃபின்டன் எழுந்தான். அவன் முகம் அப்படி வெளுத்து நான் கண்டதில்லை.

"எல்லாரும் கேளுங்க. ஃபீலிக்ஸ்னு ஒருத்தரே கிடையாது. நான் விட்ட புளுகு. மெட்டு மொத்தமும் இவ கட்டினது."

கூடம் அதிர்ந்தது, சிரிப்பில். கைதட்டல் அடங்கவே இல்லை. டொமினிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபீலிக்ஸ் கதையிலேயே இதுதான்டா உச்சம்!" என்றார். பேரன்கூடச் சிரித்தான். முப்பது வருடம் பொய் சொன்னபோது நம்பியவர்கள், ஒரு உண்மைக்கு இந்த மரியாதை கொடுத்தார்கள். ஃபின்டன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

அட்ராக்டா பிடிலைத் தாடைக்கடியில் வைத்தாள்.

மெதுவான மெட்டு. முதல் பாகம் மேட்டில் ஏறுகிற ஆளைப்போல நிதானமாகப் போனது. அழகாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் பாகத்தில் திடீரென்று நான்கு சுரம் வந்தது. கடைசிச் சுரம் ஏறி, அப்படியே நின்றது.

வீட்டுக்கு நேரமாகிவிட்டது, அப்பா திட்டுவார், என்று காரணமில்லாமல் எனக்கு ஒரு பயம். முன்வரிசையில் பார்த்தால் டொமினிக் ஃபீனி பாதி எழுந்து நிற்கிறார், கையில் தொப்பி. அந்தப் பக்கம் தபால்காரர் எழுந்து நிற்கிறார். எங்கள் தெருவில் வளர்ந்த இன்னும் நான்கைந்து பேர், ஐம்பது வயதைத் தாண்டிய தடியர்கள், எழுந்து கதவைப் பார்க்கிறார்கள்.

பெக் டஃபிசி அந்தி சாயும் நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகளைக் கூப்பிடுவாள். "ஃபின்-டன்! 'ட்ராக்-டா!" நான்கே சுரம். தெரு முழுக்க விளையாடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் கடிகாரம். பெக் கூப்பிட்டுவிட்டால், பந்து எங்கே கிடந்தாலும் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவோம். எங்கள் யாருக்கும் அது நினைவிலேயே இல்லை, கால்களுக்கு மட்டும் நினைவிருந்தது.

அந்த நான்கு சுரம் இரண்டாம் முறை வந்தபோது ஃபின்டன் குழந்தை மாதிரி அழுதான். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

வாசிப்பு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. எழுந்தவர்கள் உட்காரவும் இல்லை.

"அது பெக்," என்றார் டொமினிக், தொப்பியைப் பார்த்துக்கொண்டு. "பெக் கூப்பிடறது."

"ஆமா," என்றாள் அட்ராக்டா.

அதோடு விட்டிருந்தால் அவர் டொமினிக் இல்லை. தொண்டையைச் செருமினார். பேரனைப் பார்த்தார், ஜன்னல் வழியே மழையில் நனைகிற கல்லைப் பார்த்தார்.

"அப்படின்னா... ஃபீலிக்ஸே இத உன்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கணும்."

"இருக்கும்."

"இது ஒண்ண மட்டுமா?"

அட்ராக்டா வில்லின் திருகைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்தாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"எல்லாத்தையும்தான். நல்ல பையன் அவன். சொன்ன உடனே புடிச்சுக்குவான்."