வெலிஸார் கேட்ட லோகோ

வெலிஸார் செத்துப்போனான் என்று காப்ரோவோ நகரமே கலங்கி நின்ற காலையில், நான் பேக்கரி வாசலில் நின்று சீஸ் வைத்த பனிட்சா இரண்டு வாங்கித் தின்றேன். அவன் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். செத்திருந்தாலும் தின்றிருப்பேன்.

அந்த மெழுகுவர்த்திப் பட்டறையை அவனும் நானும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் ஏற்றுகிற, லேஸும் பூவும் சுற்றிய உயரமான மெழுகுவர்த்திகள். மெழுகு ஊற்றுவது அவன், அலங்காரம் நான். ஒற்றைக்காலில் நின்று அலகில் சுடரைப் பிடித்திருக்கும் நாரைதான் எங்கள் லோகோ. அதை வரைந்ததும் நான்தான்.

பிறகு வார்னாவில் என் அம்மா படுத்த படுக்கையானாள். அவளைப் பார்த்துக்கொள்ளப் போனேன். அடக்கம் முடித்துத் திரும்பி வந்தால் பட்டறைக் கதவில் வேறு பூட்டு. நாரையைத் தன் ஒருவன் பெயரில் பதிவு செய்திருந்தான். கேட்டவர்களிடம் எல்லாம், "ஸ்னெஷினாவா? அவ சும்மா பூ ஒட்டிட்டு இருந்தவ. நாரை நான் வரைஞ்சது" என்றான். வெலிஸாருக்கு ஒரு கோழிமுட்டை வரையச் சொன்னால் உருளைக்கிழங்குதான் வரும். அம்மா போன துக்கத்தைக்கூட நான் ஒழுங்காக அழவில்லை, இவன் மேல் வந்த ஆத்திரம் அதையும் தின்றுவிட்டது. அவன் வாயாலேயே, நாலு பேர் கேட்க, அந்த நாரை என்னுடையது என்று சொல்லவைக்க வேண்டும். அது நடக்காமல் எனக்குத் தூக்கம் இல்லை என்று இருந்தேன்.

வயிற்றுப்பாட்டுக்குக் கென்யோ அண்ணனின் அச்சகத்தில் சேர்ந்தேன். அங்கே முக்கால்வாசி வேலை மரண அறிவிப்புதான். ஒருவர் போனால் வீட்டுக் கதவில், மின்கம்பத்தில், பஸ் நிறுத்தத்தில், சர்ச் வாசலில் எல்லாம் தாள் ஒட்டியாக வேண்டும். நாற்பதாம் நாள் மறுபடி, வருஷம் திரும்பினால் மறுபடி. கறுப்புக் கட்டம், மேலே மெழுகுவர்த்தியோ சிலுவையோ, நடுவில் படம், கீழே பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு, இறந்த வருஷம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட்டுத்தருவேன்.

அந்த அச்சகத்துக்குத்தான் வெலிஸார் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். வெட்கம் இருந்தால்தானே. புதிதாக இன்னொரு கடை திறக்கிறானாம். பலகைக்காக நாரையைப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைகிறதாம். உடையாமல் என்ன செய்யும்? மூலப்படம் என்னிடம் இருந்தது. அவனிடம் இருந்தது விலைச்சீட்டில் அச்சிடுகிற அளவுக்கான சின்னப் படம்.

"ஸ்னெஷி, பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதே. லோகோவைக் கொஞ்சம் நல்லா பண்ணிக் குடு. உனக்கும் பேர் வரும்ல?"

"எங்க வரும்?"

"அட, பேச்சுக்குச் சொன்னேன்."

நான் நாரையைத் திரையில் திறந்தேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இது சின்னப்பிள்ளைத்தனமா இருக்கே. பறவை வேணாம். மெழுகுவர்த்தி மட்டும் மேல நிக்கட்டும்."

எங்கள் தொழிலில் பாதி சாமர்த்தியம், கேட்பவனிடம் 'வேண்டாம்' என்று சொல்வதில்தான் இருக்கிறது. திருடினதோடு நிற்காமல் திருடின பொருளையே மட்டம் தட்டினான் பார், அந்த நொடியில் அந்தச் சொல்லை நான் மறந்துவிட்டேன்.

"சரி, மேல மெழுகுவர்த்தி. அப்புறம்?"

"நடுவுல என் முகம். முகத்தைப் பாத்தாத்தான் ஜனங்க நம்புவாங்க."

"உன் முகத்தைப் பாத்தா நம்பாம இருக்க முடியுமா?"

"அதான் சொல்றேன். கீழ முழுப்பேரு, வெலிஸார் திரகனோவ்னு பெருசா. பழைய கம்பெனி மாதிரி தெரியணும். ஏதாவது வருஷம் போடேன்."

"ஆரம்பிச்ச வருஷம்?"

"அது ரொம்பக் கிட்டக்க இருக்கு. நான் பொறந்த வருஷத்தைப் போடு. பொறந்ததுலேர்ந்தே நான் கலைஞன்தானே! அதுலேர்ந்து இந்த வருஷம் வரைக்கும்."

நடுவில் கோடு போட்டேன்.

"சுத்தி பார்டர். நல்லா தடிமனா, ராஜா வீட்டு வாசல் கணக்கா."

கருஞ்சிவப்பும் தங்கமுமாக வண்ணம் கொடுத்தேன். திரையில் சாக்லேட் பெட்டி போல ஜொலித்தது. வெலிஸார் கண்ணுக்கு வெலிஸாரைத் தவிர எதுவும் தெரியவில்லை. எட்டிப் பார்த்த கென்யோ அண்ணனுக்குத் திடீரென்று இருமல் வந்து, சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

லோகோ போடுகிறவர்களுக்கு முதல் பாடமே, வண்ணத்தை நம்பாதே, கறுப்பில் ஒன்று எடுத்துப் பார் என்பதுதான். பழக்க தோஷத்தில் என் கை பிரிண்டர் பக்கம் போனது. வெலிஸார்தான் தடுத்தான்.

"எதுக்கு ஒரு தாளை வீணாக்குற?"

பூனை நுழைந்ததும் கதவைச் சீக்கிரம் மூடி வீட்டுச் சூட்டை மிச்சப்படுத்த அதன் வாலையே நறுக்கியதாகப் பேர் வாங்கிய கஞ்ச ஊர் எங்களுடையது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இவன் வண்ணத்தில் அச்சடிப்பான் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. அவனுடைய மச்சினன் நகராட்சியில் வேலை. ஓசியில் கிடைக்கும் ஆபீஸ் மெஷினில் கறுப்பு மட்டும்தான் வரும். அடியில் 'புதிய கடை திறப்பு, அனைவரும் வருக' என்று பொடி எழுத்தில் சேர்த்து, மச்சினன் கட்டுக்கட்டாக எடுத்து ஊர் முழுக்க ஒட்டிவிட்டான். தாள் ஒட்டுகிற வழக்கமான இடங்களில்தான். கதவில், கம்பத்தில், சர்ச் வாசலில்.

பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? மறுநாள் காலை பேக்கரி வரிசையில் இதே பேச்சு.

"போன வாரம்தான் பாத்தேன். கன்னம் பொதபொதன்னு இருந்துச்சு."

"அந்தக் கொழுப்புதான்டி நெஞ்சை அடைச்சிருக்கும்."

"கஞ்சன்தான். ஆனா இப்படிப் போவான்னு நெனைக்கலையே. கடவுள் அவனை மன்னிக்கட்டும்."

"கடவுள் மன்னிக்கட்டும்" என்று வரிசை முழுக்க முணுமுணுத்தது. செத்தவர்களுக்கு எல்லோரும் சொல்வது அது. எனக்கு வாய் நிறையப் பனிட்சா இருந்தது, வசதியாகப் போயிற்று.

தின்றபடியே போய் அவன் பட்டறைக்கு எதிர்ச் சாரியில் நின்றேன். வாசலில் கூட்டம். கையில் இரட்டைப்படையில் பூக்கள், சவத்துக்கு வைக்கிற கணக்கு. கதவைத் திறந்து வெலிஸார் தலையை நீட்டினான். ஒருத்தி வீலென்று கத்தினாள். பிறகு சிரிப்பு, சிலுவை போட்டுக்கொள்ளல், மறுபடி சிரிப்பு. சிரிக்காதவள் ஒருத்தி, மகளின் கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த அம்மாக்காரி.

"எனக்கு மெழுகுவர்த்தி வேணாம்."

"அம்மா, நான் உயிரோடதானே நிக்கிறேன்!"

"நில்லுங்க, நல்லா இருங்க. ஆனா சாவுத்தாள் ஒட்டின கடையில வாங்கி ஏத்தினா, எம் பொண்ணு வாழ்க்கை வெளங்குமா?"

அவள் போன பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் ஞானஸ்நானத்துக்குச் சொல்லியிருந்தவர்கள் எல்லாரும். நான் விரலில் ஒட்டியிருந்த வெண்ணெயை நக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை.

மத்தியானத்துக்குள் அவன் வந்து விழுந்தான். அச்சகத்தில் கென்யோ அண்ணனும், கணவனைப் பறிகொடுத்து அறிவிப்புக்காக வந்து நின்ற ஒரு அம்மாளும், அவளுடைய உறவுக்காரர்களும் இருந்தார்கள்.

"கொன்னுட்டியேடி என்னை!"

"நீ சொன்னதைத்தான் போட்டேன். எதை மாத்தினேன்னு சொல்லு."

அவன் குரல் இறங்கியது.

"எல்லாரும் வேணாம்னு சொல்லிட்டுப் போறாங்க. பழைய நாரையை மாட்டினாத்தான் கடை பொழைக்கும். பெரிய படத்தைக் குடு, ஸ்னெஷி."

"எந்த நாரை?"

"அதான், அந்த நாரை."

"யார் வரைஞ்சது?"

அவன் சுற்றிலும் பார்த்தான். உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீதான்" என்றான், தரையைப் பார்த்து.

"கென்யோ அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"நீதான் வரைஞ்சே! ஸ்னெஷினாதான் வரைஞ்சா! நான் திருடினேன், போதுமா?"

போதும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காதால் கேட்ட பிறகுதான் தெரிந்தது, போதவில்லை. மாற்றியிருந்த பூட்டின் முன்னால் துக்க உடையோடு நான் நின்ற நிற்பை, 'போதுமா' என்ற ஒரு சொல் ஈடுகட்டிவிடுமா?

"சொல்லிட்டேன்ல? குடு" என்று கையை நீட்டினான்.

"நான் இப்போ செத்தவங்களுக்கு மட்டும்தான் பண்றேன், வெலிஸார். உன்னோடதை முடிச்சுக் குடுத்தாச்சு."

கை நீட்டியபடியே நின்றது. நான் அவனைத் தாண்டி அந்த அம்மாளைக் கூப்பிட்டேன். அவள் முன்னால் வந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த தன் கணவனின் படத்தை என் மேஜையில் வைத்தாள்.