மகள் வந்தால் வரும் ஈரம்

வீடு வாங்கப் போகிறவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்துக் குறை சொல்வதுதான் அவள் தொழில். கூரைமேல் ஏறுவாள், சாக்கடை மூடியைத் தூக்கி எட்டிப் பார்ப்பாள், இருக்கிற குழாயையெல்லாம் திருகுவாள், சுவரைத் தட்டிவிட்டுக் காது கொடுப்பாள். தரகர்கள் அவளுக்கு வைத்த பெயர் நொட்டை. “நொட்டை வந்துட்டுப் போச்சா? அப்ப வியாபாரம் படுத்துடுச்சு” என்று அவள் காதுபடவே சொல்வார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போதெல்லாம் போனை எடுக்கும்போதே, “நொட்டைதான் பேசறேன், சொல்லுங்கண்ணே” என்கிறாள்.

அந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. அவளுக்குக் கூலி தருவது வீடு வாங்குகிறவர். ஆனால் அவளைக் கூப்பிடச் சொல்லி நம்பர் தருவது தரகர். குறையை விட்டுவிட்டால் முன்னவருக்குத் துரோகம். எழுதினால் பின்னவருக்கு எரிச்சல். பாதி வேலைகள் அவளுக்கு ஒரே தரகர் மூலமாகத்தான் வந்துகொண்டிருந்தன. பருத்த மனிதர், வெள்ளைச் சட்டை, எப்போதும் ஏதாவது மென்றுகொண்டிருக்கும் வாய். அவர்தான் அந்த மாடி வீட்டுக்கும் அவளை அழைத்தார்.

வாங்க வந்தவள் ஒரு நர்ஸ். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வாடகை வீடுகளில் அலைந்து களைத்தவள். அவள் வாசலிலேயே நேராகக் கேட்டுவிட்டாள்:

“உங்க வீடா இருந்தா வாங்குவீங்களா?”

“அத நான் சொல்லக் கூடாதுங்க. என்ன இருக்குன்னு சொல்றேன். முடிவு உங்களோடது.”

வீடு நன்றாகவே இருந்தது. கூரை ஓடுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மின்சாரப் பெட்டிக்குள் கம்பிகள் ஒழுங்காக இருந்தன. ஜன்னல்கள் பிடிக்காமல் திறந்தன. சாப்பாட்டு அறைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவள் கால் நின்றது. பலகை அடித்த சீலிங்கில் ஓர் ஓரம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கூடுதல் வெள்ளையாக இருந்தது. புதுப் பெயிண்ட். விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். பெயிண்டுக்கு அடியில், தேநீர் சிந்திய மாதிரி, மங்கலாக ஒரு கறை.

வீட்டுக்காரப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்பதற்கு முன்பே அவர் முகம் சுருங்கிவிட்டது.

“நான்தாம்மா ஆள வச்சுப் பெயிண்ட் அடிச்சேன். மறைக்க அடிக்கல. அசிங்கமா இருக்கேன்னு அடிச்சேன். ஏற்கெனவே ரெண்டு பேர் வாங்குறேன்னு வந்து, நான் ஒழுகுறதை மூடி மறைக்கிறேன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க. இந்த வயசுல என்னைப் பொய்யன்னு சொல்லிட்டுப் போறாங்க.”

மேலே சரியாக அந்த இடத்தில் குளியலறை. அவள் மாடிக்குப் போனாள். ஷவரை முழு வேகத்தில் திறந்துவிட்டாள். தண்ணீர் போகும் வாயை ஈரத்துணியால் அடைத்துத் தரையில் தேங்கவிட்டாள். கழிப்பறைத் தொட்டித் தண்ணீரைப் பலமுறை திறந்துவிட்டாள். கீழே வந்து ஏணி போட்டு, ஈரம் காட்டும் மீட்டரைச் சீலிங்கில் வைத்தாள். சீலிங் சருகு மாதிரி காய்ந்திருந்தது. கூரையிலிருந்து வந்திருக்குமோ என்று பரண் வழியாகத் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். தூசியைத் தவிர எதுவும் இல்லை. இறங்கி வந்தபோது அவள் தலையில் ஒட்டடை தொங்கியது.

தரகர் அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“பழைய கறை, இப்ப காஞ்சிருக்குன்னு எழுதிடும்மா. பொய்யா? காஞ்சுதானே இருக்கு?”

“காஞ்சிருக்குன்னு எழுதலாம்ணே. பழசுன்னு எப்படி எழுதறது? எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலையே.”

“அப்ப காரணம் தெரியல, சுவரை உடைச்சுப் பாக்கணும்னு எழுதுவ. அந்தப் பொண்ணு ஓடிடும். மூணாவது ஆளும்மா இது! கொஞ்சம் மனசு வை.”

உண்மையில், அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது அவளுக்கு எளிது. ‘காரணம் தெரியவில்லை, நிபுணரை வைத்துப் பார்க்கவும்’ என்றால் யாரும் அவளைக் கேட்க முடியாது. முன்பு வாங்க வந்த இருவருக்காக வீட்டைச் சோதித்தவர்களும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கூடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெரியவரையும், ஜன்னலருகே நின்று, கட்டில் எங்கே போடலாம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்த நர்ஸையும் பார்த்தபோது அவளுக்கு அந்த வாக்கியத்தின்மேல் வெறுப்பு வந்தது.

“ஐயா, இந்தக் கறை எப்பல்லாம் வரும்?”

பெரியவர் தயங்கினார். “சொன்னா சிரிப்பீங்க. எம் மக வந்துட்டுப் போனா வரும்.”

தரகர் நிஜமாகவே சிரித்தார். “நல்ல ராசிக்காரப் பொண்ணு!”

அவள் சிரிக்கவில்லை. “வந்தா எங்க தங்குவாங்க?”

“மாடிலதான். மாப்பிள்ளை, பேரப் பசங்க எல்லாரும். எனக்கு முட்டி வலி, மாடி ஏறியே வருஷக்கணக்காச்சு. நான் கீழயே குளிச்சுக்குவேன்.”

மாடியில் ஆட்கள் குளித்தால் ஒழுகுகிறது. அவள் அதே ஷவரைத் திறந்துவிட்டால் ஒழுகவில்லை. ஒரே குழாய், ஒரே தண்ணீர். அப்படியென்றால் எது வேறு?

“நாளைக்குக் காலையில அறிக்கை தரேன்” என்றாள். தரகர் கையை விரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் வீட்டில் கணவன் குளித்துவிட்டு வந்தான். அவள் முகம் கழுவ உள்ளே போனவள் அப்படியே நின்றாள். கதவு, கண்ணாடி, எதிர்ச் சுவர், குழாய்க் கைப்பிடி, சோப்புத் தட்டு, எல்லாவற்றிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க, நீங்க குளிச்சீங்களா, இல்ல சுவரைக் குளிப்பாட்டினீங்களா?”

“என்னடி பண்றது? தலைல விழுற தண்ணி நேராவா கீழ போகும்? நாலு பக்கமும் தெறிக்கத்தான் செய்யும்.”

அவள் சுவரைப் பார்த்தாள். மறுபடி கணவனைப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

“அண்ணே, காலையில மறுபடி அந்த வீட்டைத் திறக்கச் சொல்லுங்க. நான் அங்க குளிக்கணும்.”

எதிர்முனையில் மெல்லுகிற சத்தம் நின்றது. “என்ன பண்ணணும்?”

“குளிக்கணும்ணே. அந்த நர்ஸம்மாவையும் வரச் சொல்லுங்க.”

“உனக்கு முத்திப்போச்சு. இந்த வீடு கைவிட்டுப் போச்சுன்னா, அடுத்த வேலைக்கு நான் உன்னைக் கூப்பிட மாட்டேன், சொல்லிட்டேன்.”

அவர் வேலை தராவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும், “சரிண்ணே. ஆனா கதவைத் திறக்கச் சொல்லிடுங்க” என்றாள்.

மறுநாள் காலை அவள் மாற்றுத்துணியும் துண்டுமாக வந்து சேர்ந்தாள். சாப்பாட்டு அறையில் நர்ஸை ஏணிமேல் ஏற்றி, மீட்டரைக் கையில் கொடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினாள். தரகர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்; வேறு வழியில்லை. அவள் மாடிக்குப் போய், பேண்ட் சட்டையோடு ஷவருக்கு அடியில் நின்றாள்.

தண்ணீர் சில்லென்று தலையில் விழுந்தது. உண்மையாகக் குளிக்கிறவள் மாதிரி திரும்பினாள், குனிந்தாள், தலையைத் தேய்த்தாள், கையை உதறினாள். தோளில் பட்ட தண்ணீர் சுவரில் அடித்து வழிந்தது.

“ஏதாவது தெரியுதா?”

“ஒண்ணும் இல்ல!” என்றது கீழிருந்து நர்ஸின் குரல்.

இன்னும் குளித்தாள். பல் கிட்டியது. சட்டை உடம்போடு ஒட்டிக் கனத்தது. என்ன பிழைப்பு இது என்று ஒரு கணம் தோன்றியது. சுவரில் குழாய்க் கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பான வட்டத் தகடு இருந்தது. வழிந்து வந்த தண்ணீர் அதன் மேல் விளிம்பை அடைந்ததும் காணாமல் போனது. தகட்டின் மேல் வழியவில்லை. அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

முதுகை அந்தப் பக்கம் திருப்பி, தண்ணீர் அங்கேயே அடிக்கும்படி நின்றாள்.

“மேடம்!” நர்ஸ் கத்தினாள். “மீட்டர் கத்துது! ஈரம் வருது! கறை கண்ணு முன்னாலயே பெருசாகுது!”

அவள் சிரித்துவிட்டாள். குளிரில் நடுங்கிக்கொண்டே சிரித்தாள். ஷவரை மூடி, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, கீழே இருந்த பெரியவரிடம் குரல் கொடுத்து அனுமதி கேட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றினாள். தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கும் பசை இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. பின்னால் சுவரில் ஓர் ஓட்டை. உள்ளே ஒரு மரச்சட்டம் கறுத்து ஊறியிருந்தது. ஆள் இல்லாமல் ஷவர் மட்டும் ஓடினால் தண்ணீர் நேராகத் தரையில் விழும், சுவருக்குப் போகாது. ஆள் நின்றால்தான் தெறித்து அங்கே இறங்கும்.

படியில் சத்தம் கேட்டது. பெரியவர் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக, வலியில் முனகிக்கொண்டு, மாடி ஏறி வந்தார். தரகர் பின்னாலேயே, விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் கையை நீட்டியபடி வந்தார். பெரியவர் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார்.

“இத்தனூண்டா? இதுக்கா என்னைப் பொய்யன்னாங்க?” அவர் குரல் உடைந்தது. தலையில் முண்டாசு மாதிரி துண்டைக் கட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

“ஐயா, அதெல்லாம் வேண்டாம். நீங்க சொன்ன ஒரு வார்த்தைதான் வழி காட்டுச்சு.”

உடை மாற்றிக்கொண்டு அவள் அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்து அறிக்கையை முடித்தாள். தகட்டையும் பசையையும் மாற்றுவது சின்ன வேலை என்று எழுதினாள். மரச்சட்டம் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று தச்சரை வைத்துத் திறந்து பார்த்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும் என்றும் எழுதினாள். இரண்டாவது வாக்கியத்தைத் தோளுக்கு மேலாகப் படித்த தரகர் பெருமூச்சு விட்டார்.

“அதை விட்டுடேன். இவ்வளவு நல்லா முடிஞ்சிருக்கு.”

“சட்டம் ஊறியிருக்குண்ணே. நீங்களும்தானே பாத்தீங்க.”

தச்சர் வந்து திறந்து பார்த்தார். ஒரு சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பெரியவரே தன் செலவில் மாற்றிக் கொடுத்தார். நர்ஸ் வீட்டை வாங்கினாள்.

தரகரோ, வீடு விற்றும்கூட, அதற்குப் பிறகு அவளை அழைக்கவில்லை. வீடு விற்றதா என்பதைவிட, ஒரு நாள் தாமதமும் ஏணி பிடித்த அவமானமும்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது போலிருக்கிறது. நர்ஸ் தன் மருத்துவமனையில் சொல்லி இரண்டொரு வேலைகள் வந்தன. அவை போதவில்லை. “மன்னிப்புக் கேட்டுப் பாரேன்” என்றான் கணவன். எதற்கு மன்னிப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் அவளே போன் செய்தாள்.

“அண்ணே, நொட்டைதான். வேலை இருந்தா கூப்பிடுங்க. வரேன். ஆனா எப்பவும் எழுதற மாதிரிதான் எழுதுவேன்.”

அவர் வெகுநேரம் மென்றார். “உன்னால எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிடுச்சு, தெரியுமா?”

“தெரியும்ணே.”

“ஒரு வீடு இருக்கு. ஒரு ரூமுக்குள்ள போனா மட்டும் என்னவோ நாத்தம் அடிக்குது, யாருக்கும் என்னன்னு பிடிபடல. வாங்கறவன் கறாரான ஆளு. அங்கயும் போய்க் குளிக்கறேன்னு நிக்காத.”

“குளிக்கணுமா வேண்டாமான்னு பாத்துட்டுச் சொல்றேன்ணே. விலாசம் குடுங்க” என்று சொல்லியபடியே அவள் ஏணியை எடுக்கப் போனாள்.