பச்சையாக நின்ற பதர்

அக்காள் புருஷன் என்றால் மதித்தே தீரவேண்டும் என்று சட்டமா என்ன? அவள் மதிக்கவில்லை. அந்தப் பயிர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் விஞ்ஞானி, அவர் இயக்குநர். வீட்டில் அத்தான், இங்கே சார். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘மைக்’. மைக்கைக் கண்டால் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

நெல்லுக்குள் அவள் ஒரு மரபணுவைச் செலுத்தியிருந்தாள். சூடு ஏறினால் செல்லுக்குள் புரதங்கள் குலைந்துபோகும். அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் காவல் புரதங்களை அந்த மரபணு கூடுதலாகச் சுரக்க வைக்கும். கண்ணாடிக் கூடத்தில் அனலைக் கூட்டியபோது சாதா நெல் சுருண்டு விழுந்தது. இவளுடையது பச்சைப்பசேல் என்று நின்றது.

கோளாறு பூவில் இருந்தது. மரபணுவை முடுக்கும் ஸ்விட்ச் இலையில் வேலை செய்தது, மகரந்தத்தில் தூங்கிவிட்டது. மகரந்தம் வெந்துபோனால் கதிரில் மணி ஏது?

இதைச் சொன்னபோது மைக் கொட்டாவி விட்டார். “இலை பச்சையா இருக்குல்லம்மா? போட்டோவுக்கு அது போதும்.”

விதைக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். வெயில் தாங்கும் பயிரைப் பார்க்க வந்த கூட்டம் ஏசி நடைவழியில் நின்றபடியே கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது. பசிக்கே சமாதி கட்டிவிட்டதாக மைக் முழங்கினார்.

“மகசூல் எப்படி?” என்றாள் கம்பெனி அதிகாரி.

“அமோகம்!”

 அவள் உள்ளே போய் ஒரு கதிரை ஒடித்து வந்து அதிகாரியின் கையில் வைத்தாள். “நசுக்கிப் பாருங்க மேடம்.”

நசுக்கினாள். உமி மட்டும் சப்பையானது. எல்லாம் பதர். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து, பின்னால் நின்ற ஒருவர் கைதட்டினார்.

அறைக்குக் கூப்பிட்டு மைக் குதித்தார். “குடும்ப மானத்தையே வாங்கிட்டியே!”

“மகரந்தத்துக்கு ஏது சார் குடும்பம்?”

மறுநாள் அக்கா போனில் அழுதாள். “அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடலைடி.”

“பழகிக்கட்டும்க்கா. அவர் நெல்லை நம்பினா ஊரே அப்படித்தான் கிடக்கணும்.”

அக்கா போனை வைத்துவிட்டாள். பிறகு பல மாதம் பேசவில்லை. அதுதான் இவளுக்கு வலித்தது. மற்றபடி மைக்குக்கு என்ன கேடு? உப்புநீரில் விளையும் பயிர் என்று வேறு மேடை பிடித்துக்கொண்டார். அங்கேயும் கூட்டம் வாயைப் பிளந்தது.

அவள் மகரந்தப் பையில் விழிக்கும் வேறொரு ஸ்விட்சைத் தேடிப் பிடித்து மரபணுவோடு பொருத்தினாள். அடுத்த பயிரில் பாதிக் கதிர் பால் பிடித்தது, மீதி பழைய பதர்தான். கதவருகே மைக் வந்து தொண்டையைச் செருமினார்.

“இதைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை பேசலாமா?”

“பாதிதான் சார் விளைஞ்சிருக்கு.”

“பாதின்னு எதுக்குச் சொல்லணும்?”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பால் பிடித்த கதிர்களைத் தனியே பிரித்துக் கட்டத் தொடங்கினாள்.