புஷ்பவல்லி அம்மாளின் தலையணை

எங்கள் குழந்தைகள் காப்பகத்துக்கு ஊர்க்காரர்கள் தூக்கத்தை நன்கொடையாகத் தருகிறார்கள். அரிசியும் பழைய துணியும் வேறு காப்பகங்களுக்குப் போகும். எங்களிடம் வரும் பிள்ளைகள் தூங்க மறந்தவர்கள் என்பதால் எங்களுக்குத் தலையணைகள்தான் வரும். ஒருவருடைய தூக்கம் அவருடைய தலையணைப் பஞ்சில் இருக்கும். அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தலையணையைத் தந்துவிட்டால், அதில் தலைவைக்கும் பிள்ளை அவருடைய தூக்கத்தைத் தூங்கும்.

யாரிடம் எவ்வளவு தூக்கம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, போய்க் கேட்டு வாங்கிவருவது என் பிரிவின் வேலை. திண்டுக்கல்லில் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். பேருந்தில் யார் பக்கத்து ஆளின் தோளில் சாய்கிறார், கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்துக்கும் அசையாமல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக் கோப்பில் எழுதுவோம். உடனே கேட்டுவிட மாட்டோம். முதல் தடவை போனால் காபி மட்டும் குடிக்க வேண்டும். இரண்டாம் தடவை அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை பார்க்க வேண்டும். மூன்றாம் தடவைதான் தலையணைப் பேச்சை எடுக்கலாம். சும்மா கையேந்துவதற்கும் நம் வேலைக்கும் இதுதான் வித்தியாசம் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் கொஞ்சம் கர்வமாகவே சொல்வேன்.

வள்ளிமயிலுக்கு ஏழு வயது. செங்கல் சூளையில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள அவளை உட்காரவைத்திருந்தார்கள். எங்களிடம் வந்து ஐம்பத்தெட்டு நாளாகியும் அவள் கண்ணை மூடவில்லை. அறுபது நாள் தூங்காத குழந்தையை விதிப்படி பெரியவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பெரியவரைக் காப்பகத்தில் வைத்திருக்க முடியாது. சூளைக்காரர் எங்கள் வாசலில் இப்போதே ஒரு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

கையிருப்பில் இருந்த பதினேழு தலையணைகளையும் அவளுக்கு வைத்துப் பார்த்தோம். எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் சின்னச் சின்னத் தூக்கங்கள். சூளை நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு அவை போதவில்லை. அவள் பதினேழாவதையும் மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"சார், நீங்க வேணா படுங்க. நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

இவளை அந்த ஆட்டோவில் ஏற்றவிடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கோப்புகளை எடுத்தேன்.

எங்களிடம் இருந்தவற்றில் தடிமனான கோப்பு மகுடீஸ்வரனுடையது. கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடம் எல்லாச் சங்கக் கூட்டங்களிலும் தூங்கியிருக்கிறார். நேரில் பார்த்த ஒன்பது பேருடைய வாக்குமூலம் கோப்பில் இருந்தது. இவ்வளவு பெரிய கொடையாளரை ஆறு மாதம் பழகித்தான் கேட்க வேண்டும். எனக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

காலை பத்து மணிக்குப் போய் அவர் வீட்டில் காபி குடித்தேன். விடைபெற்று வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்து, திரும்பி வந்து மணியை அடித்தேன். அது இரண்டாம் தடவை. ஆல்பத்தைக் கடைசிப் பக்கம்வரை பார்த்தேன். மறுபடியும் தெருமுனைவரை போய்வந்தேன்.

"ஐயா, ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்" என்றேன்.

அவர் மறுப்புச் சொல்லாமல் தலையணையைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். வழக்கப்படி முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். முழங்கை நேராகப் பலகையில் போய் இடித்தது. உள்ளே தூக்கம் என்று ஒரு பொட்டுகூட இல்லை.

"கூட்டத்துல கண்ணத் திறந்தா கேள்வி கேப்பாங்க தம்பி. அதான் மூடிக்குவேன்" என்றார் அவர்.

"வீட்லயும் அப்பிடித்தான்" என்று அவர் மனைவி புஷ்பவல்லி அம்மாள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார். "தண்ணி பிடிக்கக் கூப்பிட்டுருவேன்னு கண்ண மூடிக்குவாரு. தூங்குனதில்ல."

"நீங்க தூங்குவீங்களாம்மா?"

"எனக்கு எங்க தம்பி நேரம்? விடியிறதுக்கு முன்னாடி குழாய்ல தண்ணி வந்துரும். அப்புறம் பாலு, இட்லி, டிபன் பாக்ஸு. மாமியார் இருந்தவரைக்கும் அவங்களுக்கு மாத்திரை. முப்பத்தெட்டு வருசம் ஓடிப்போச்சு. கல்யாணத்துக்குக் குடுத்த தலகாணி இன்னும் உறை பிரிக்காம பீரோ மேல கெடக்கு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். தூங்குகிறவர்களிடம் இருப்பது தூங்கித் தீர்த்ததில் மிஞ்சிய தூக்கம். சும்மா கண்ணை மூடிக்கொள்கிறவரிடம் தூக்கம் வருவதே இல்லை. உழைத்துக் களைத்தும் தூங்காதவர் தலையணையில்தான் ஒவ்வொரு ராத்திரியும் வந்து காத்திருந்த தூக்கம் அப்படியே இருக்கும். பதினோரு வருடமாக ஆளை மாற்றித் தேடியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்டூலில் ஏறி அந்தத் தலையணையில் முழங்கையை வைத்தேன். கை தோள்வரை உள்ளே போயிற்று. காபி போட்டதும் ஆல்பத்தை எடுத்துத் தந்ததும் புஷ்பவல்லி அம்மாள்தான் என்பதால் அவருக்கும் இது மூன்றாம் தடவைதான். அதனால் அங்கேயே கேட்டேன். வள்ளிமயிலைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். நிபந்தனைகள் என்ற இடத்தில் பேனா நின்றது. சுவரில் பெயர் எழுத வேண்டும், ஆண்டு விழாவில் மேடையில் நாற்காலி வேண்டும் என்றுதான் பொதுவாக அங்கே எழுதுவார்கள். அவர் எழுதியது மூன்றே சொல்: யாரும் எழுப்பக் கூடாது.

தலையணையைக் கீழே இறக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். குட்டியானைச் சரக்கு வண்டியில் ஏற்றியதும் பின்பக்கம் தரையைத் தொட்டது. பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று புஷ்பவல்லி அம்மாள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். வண்டி ஊர்ந்து ஊர்ந்து மறுநாள் மாலை நான்கு மணிக்குக் காப்பகம் வந்து சேர்ந்தது. அது ஐம்பத்தொன்பதாம் நாள்.

வள்ளிமயில் தலையை வைத்தாள். "நெருப்ப யாரு பாத்துக்குவா?" என்று கேட்டாள்.

"நான் பாத்துக்கிறேன் கண்ணு" என்று புஷ்பவல்லி அம்மாள் அவள் நெற்றியில் கைவைத்தார். அவள் கண் மூடியது. வாசலில் ஆட்டோ கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு நிபந்தனையை நிறைவேற்றும் வேலையைத் தொடங்கினோம். காப்பாளர் ஜெசிந்தா, வாசலில் தொங்கும் மணியின் நாக்கில் துண்டைச் சுற்றினார். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது புஷ்பவல்லி அம்மாளின் தலை அந்தத் தலையணையின் ஓரத்தில் சாய்ந்திருந்தது. மெல்லிய குறட்டை வந்தது.

"சார், குடுத்தவங்களே திருப்பி எடுத்துக்கலாமா?" என்று ஜெசிந்தா கிசுகிசுத்தார்.

"கூடாதுதான். ஆனா எழுப்பவும் கூடாதே."

மறுநாள் விடிவதற்கு முன் ஐந்து மணிக்கு மகுடீஸ்வரன் போன் செய்தார். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம், மனைவியை அனுப்பச் சொன்னார். நான் நிபந்தனையைப் படித்துக் காட்டினேன். குடம் எங்கே இருக்கிறது என்று மட்டுமாவது கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். முடியாது ஐயா, தேடிப் பாருங்கள் என்றேன்.

காலை ஆறு பத்துக்குச் சூரியன் கிழக்கு ஜன்னலுக்கு வந்தது. இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலை மறித்து நின்று, நிபந்தனை எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினேன். சூரியன் குனிந்து படித்துவிட்டு, பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று.