சூட்டுக் கை

எங்கள் ஊரில் பெண்களின் கைகள் இரண்டு வகை. குளிர்ந்த கை கயிற்றில் கட்டிய கடல்பாசி செழிக்கும். சூட்டுக் கை கட்டியது வெளுத்து, முறிந்து, கடலோடு போகும். டாயெங் ஜின்னேக்குக் குளிர்ந்த கை; மரியாதைக்கு அவரை டாயெங் என்போம். ஒவ்வொரு நடவிலும் முதல் கயிற்றின் முதல் துண்டைக் கட்டுவது அவர்தான். தேங்காய்ப் பூ வறுத்துத் தூவிய சொங்கோலோ என்ற ஒட்டரிசிச் சோறும் முதலில் அவர் தட்டுக்குத்தான் போகும். என் கை சூட்டுக் கை என்பது போன மழை முடிந்தபோது முடிவாயிற்று.

அன்று அறுவடைக் கயிறுகளைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். கட்டுக்கூலி கயிற்றுக்கு இவ்வளவு என்பதால் அவரவர் கயிற்றின் நுனியில் அவரவர் துணிக் கிழிசல் இருக்கும். ஜின்னேயுடையது சிவப்பு, என்னுடையது நீலம். கட்டு வேலையை நடத்தும் என் அத்தை ஒரு நீலத்துணிக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். பாதித் துண்டுகள் கழன்று போயிருந்தன. மீதி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"மறுபடியும் இவ கயிறுதான். பாருங்கடி!"

"பாவம், சின்னப் பொண்ணு."

"பாவம்னா பாசி திரும்பி வருமா? கையில என்ன அடுப்பா வச்சிருக்கா?"

"கட்டிக்கிறவன் முதல் ராத்திரியே வெந்துருவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"நாளையிலேருந்து நீ கட்ட வேணாம், ரன்னு," என்றாள் அத்தை. "கட்டினதைத் தூக்கிப் படகுல ஏத்து. பரண்ல காயப் போடு."

"தூக்கினா மட்டும் சூடு ஏறாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கட்டினாத்தான் ஏறும்."

மரக்கால்கள்மேல் நிற்கும் அத்தை வீட்டின் அடியில், நிழலில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாசி கட்டுவார்கள். அந்த வட்டத்தில் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் பேச்சு என்னைச் சுற்றிலும் ஓடும். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் படகு கவிழ்ந்தது என்று பேசும்போது தோளும் தோளும் உரசும். அம்மாவும் அப்பாவும் கடல் தாண்டிச் செம்பனைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒருநாள் வகுப்பு முழுவதும் சிரித்தது. அடுத்த நாள் நான் போகவில்லை, யாரும் தேடியும் வரவில்லை. எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த வட்டம். அதை இழந்த பிறகு நாள் முழுவதும் வீட்டருகே உயர்த்திக் கட்டிய பரண்மேல் நானும் காய்கிற பாசியும்தான். கீழே அவர்கள் சிரிப்பது கேட்கும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது.

எங்கள் வளைகுடாவின் பாசி பூப்பதில்லை, காய்ப்பதில்லை. ஒன்றை ஒடித்துப் பல துண்டாக்கிக் கட்டுகிறோம். அவை வளர்ந்தால் அவற்றையும் ஒடிக்கிறோம். எப்போதோ யாரோ கொண்டுவந்த ஒரே செடிதான் இத்தனை கயிறுகளிலும் தொங்குகிறது என்று பாடத்தில் சொன்னார்கள். அப்போது அது எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை பெரிய கடலில் அது ஒன்றே ஒன்று. தன்னைத் தவிர இன்னொன்றைப் பார்த்ததே இல்லை. பரண்மேல் உட்கார்ந்திருந்தபோது வேறொன்று தோன்றியது. எல்லாம் ஒரே செடி என்றால், வெளுப்பதற்கும் செழிப்பதற்கும் காரணம் பிறப்பில் இருக்க முடியாது. கையில் இருக்க வேண்டும், இல்லை கைக்குப் பிறகு நடக்கிற எதிலாவது இருக்க வேண்டும்.

கைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது தூக்கிச் சுமக்கத் தொடங்கிய பிறகுதான் கண்ணில் பட்டது. படகு ஓட்டுகிற நொம்போ மாமா நீரேற்றத்தில் முதல் நடைக் கயிறுகளைத் தொலைவில் பாறைத் திட்டு வரை கொண்டுபோவார். நீர் இறங்க இறங்கப் படகு போகும் தூரம் சுருங்கும். கடைசி நடை ஆற்று வாயைத் தாண்டாது. ஜின்னேயின் விரல்கள் வேகமானவை, அவருடைய கயிறுகள் எப்போதும் முதல் நடையில் போகும். நான் மெதுவாகக் கட்டுகிறவள். என் கயிறுகள் ஒவ்வொரு தடவையும் ஆற்று வாயில்தான் கிடந்திருக்கின்றன, மழைத் தண்ணீர் வந்து கலக்கிற இடத்தில்.

இது என் ஊகம்தான். பாடத்தில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே விடு. பஞ்சில் பயறு முளைக்கவைத்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். பயறு வாங்கவில்லை, கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள்.

அடுத்த நடவில் ஜின்னேயின் சிவப்புத்துணிக் கயிறு ஒன்றைப் படகின் மறைவில் வைத்து, ஒரு துண்டு விட்டு ஒரு துண்டாக அவிழ்த்து, அதே துண்டை அதே கண்ணியில் நான் கட்டினேன். நான் கட்டியவற்றில் மட்டும் நீல நூல். பிறகு அதைக் குவியலின் அடியில் தள்ளி, கடைசி நடையில் ஏற்றினேன். விதை ஒன்று, கயிறு ஒன்று, தண்ணீர் ஒன்று. கை மட்டும் இரண்டு.

அந்தக் கயிறு அறுவடையில் யார் கண்ணிலும் படாமல் பரணுக்கு வந்தது. நூல் கட்டியதும் வெளுத்திருந்தது, நூல் இல்லாததும் வெளுத்திருந்தது. இரண்டையும் பிரித்துக் குவித்தேன். எந்தக் குவியல் பெரிது என்று சொல்ல முடியவில்லை. பாறைத் திட்டிலிருந்து வந்த ஜின்னேயின் மற்றக் கயிறுகள் பழுப்பும் பச்சையுமாகக் கொழுத்திருந்தன.

சந்தோஷமாக இருந்தது, கொஞ்ச நேரம். அத்தை இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். "நீ தொட்ட கயிறுதானே? உன் சூடு பக்கத்துத் துண்டுக்கும் பரவிருக்கு." அவள் குரலிலேயே அது எனக்குக் கேட்டது. யோசிக்க யோசிக்க அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. நான் அவிழ்க்காத கயிறு ஒன்றும் அதே இடத்தில் கிடந்திருக்க வேண்டும்.

எனவே மறுபடியும் ஒரு நடவு முழுவதும் காத்திருந்தேன். இந்த முறை இரண்டு சிவப்புத்துணிக் கயிறுகள். ஒன்றில் மாற்றிக் கட்டினேன். மற்றதைச் சுமந்து ஏற்றியதோடு சரி. இரண்டும் கடைசி நடையில் போயின. நடுவே மழை பெய்தது, பிறகு காற்றே இல்லாத வெயில்.

இம்முறை நான் பிரித்துப் பார்ப்பதற்குள் நொம்போ மாமா கரையிலிருந்தே கத்திவிட்டார்.

"ஏய், இங்க வாங்க! சிவப்புத் துணி வெளுத்துப் போச்சு! ரெண்டு கயிறு!"

பெண்கள் ஓடி வந்தார்கள்.

"குளிர்ந்த கைக்குக் காய்ச்சலா?"

"வயசாச்சில்ல, கையோட குளிர்ச்சி வத்திருக்கும்!"

ஜின்னே முழங்கை வரை ஈரமாயிருந்த கைகளைச் சாரோங்கில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வேண்டியது என் முன்னால் மணலில் கிடந்தது. அதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"நான்தான் அதைக் கடைசியா ஏத்தினேன்," என்றேன். "கை இல்ல... அந்த இடம்..."

"பாத்தீங்களா!" அத்தை என்னை முடிக்க விடவில்லை. "இவ தொட்டிருக்கா! அதான் சூடு ஏறிருக்கு. நானும் என்னடா இதுன்னு பயந்துட்டேன்."

கட்டினால்தான் சூடு ஏறும் என்று சொன்னவள் அவள்தான். இப்போது தொட்டாலே ஏறியது. யாருக்கும் அது நினைவில்லை. எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தி ஜின்னேயின் தோளைத் தட்டினாள். "சும்மா சொன்னேன் டாயெங், மனசுல வச்சிக்காதீங்க."

மத்தியானம் பரண் ஏணி கிறீச்சிட்டது. ஜின்னே ஏறி வந்தார். வெளுத்த கயிற்றை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன நீல நூலு?"

சொன்னேன். அவிழ்த்தது, கட்டியது, தொடாத கயிறு, கடைசி நடை, ஆற்று வாய் என எல்லாவற்றையும். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் துண்டு துண்டாக விரலால் தடவிக்கொண்டே கேட்டார்.

"நூலு இல்லேன்னா எது நான் கட்டினது, எது நீ கட்டினதுன்னு எனக்கே தெரியாதுடி."

"ஆமா."

"என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் இந்த ஊர்ல என்னை யார் தேடுறா சொல்லு? நடவுன்னாத்தான், குளிர்ந்த கையக் கூப்பிடுங்கம்பாங்க."

கோபம் இல்லை அவரிடம். நீல நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. இறங்கும்போது திரும்பிப் பார்க்கவுமில்லை.

மறுநாள் வட்டத்தில் அவர் குரல் கேட்டது. "ரன்னு என் பக்கத்துல உக்காரட்டும். அவ சூட்டை நான் எடுத்துடுறேன்."

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"உக்காருடி. குளிர்ல விறைச்சிராத!"

நான் ஏங்கிய இடம் கிடைத்துவிட்டது. நான் கட்டி முடித்ததையெல்லாம் ஜின்னே தன்னுடையதோடு சேர்த்து முதல் நடைக்குத் தள்ளினார். அந்த அறுவடையில் நீலத்துணிக் கயிறுகள் தூக்க முடியாத கனம். பெண்கள் என் உள்ளங்கையை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். "அட, சில்லுன்னு இருக்குடி!" என் தோளில் இரண்டு பக்கமும் தோள்கள் உரசின. பரண்மேல் இருந்ததைவிடத் தனியாக இருந்தேன்.

கடைசி நடை யாருடையது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது தெனேயுடையது, பச்சைத் துணி. புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், ஆறு மாத வயிறு, குனிந்து கட்ட நேரமாகும். அவள் கயிறுகள் வெளுத்து வந்தன.

"தெனே, உனக்கும் அடுப்பா?"

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். தெனே சிரிக்கப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த நடவு. கடைசி நடைக்கு நொம்போ மாமா துடுப்பை ஊன்றும்போது நான் முழங்கால் தண்ணீருக்குள் ஓடினேன்.

"மாமா, ஆத்து வாய்ல போடாதீங்க."

"ஏன்? என்ன?"

நூல், தொடாத கயிறு, மழைத் தண்ணீர், எல்லாம் என்னிடம் இருந்தன. தொண்டையில் ஒன்றும் இல்லை. அவர் காத்திருந்தார். என்ன சொன்னால் கேட்பார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

"டாயெங் ஜின்னே சொன்னாங்க. அந்த எடம் சூடாம்."

அவர் எனக்கு மேலாக வீட்டடியைப் பார்த்தார். ஜின்னே தலை நிமிரவில்லை. கட்டிக்கொண்டிருந்த கையை மட்டும் ஒருமுறை தூக்கி அசைத்தார், ஆமாம் என்பது போல.

"அட, அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன!" மாமா தெனேயின் கயிறுகளைத் தண்ணீரிலேயே நனைய விட்டு, அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருந்தார்.

இப்போது ஆற்று வாயில் யாரும் பாசி போடுவதில்லை. ஜின்னேயின் கைக்குத் தண்ணீரின் சூடும் தெரியும் என்று வட்டத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் முழங்கால் என் முழங்காலில் லேசாக இடிக்கும். அவ்வளவுதான், அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

கோடையில் ஆறு வற்றினால் அந்த இடம் நன்றாக இருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் சொல்லவும் முடியாது. அதனால் அங்கே ஒரே ஒரு கயிறு கட்டி வைத்திருக்கிறேன். வெறும் தண்ணீரில் அதற்கு மிதவையாக ஒற்றைப் பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். கயிற்றின் நுனியில் யாருடைய துணியும் இல்லை.